சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மாத்தப் போறீங்களா? பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜூலை மாதக் காலை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் மழை விட்டு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சைக்கிளில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறீர்கள். யாரோ கை காட்ட, முன்னால் போன ஆட்டோ இண்டிகேட்டர்கூட போடாமல் ஓரம் கட்டுகிறது. இரண்டு லீவரையும் முழு பலத்தோடு அழுத்துகிறீர்கள். லீவர் ஹேண்டில்பாரை முட்டும் அளவுக்கு உள்ளே வந்துவிடுகிறது. சைக்கிள் மட்டும் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

அன்று சாயங்காலமே போனை எடுத்து ஹைட்ராலிக் பிரேக் தேடத் தொடங்கிவிடுவோம். இந்தியாவில் விற்கும் நடுத்தர விலை ஹைப்ரிட், மவுண்டன் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மெக்கானிக்கல் டிஸ்க், அதாவது கேபிள் இழுத்து வேலை செய்யும் டிஸ்க் பிரேக். அதைக் கழற்றிவிட்டு ஆயிலில் வேலை செய்யும் ஹைட்ராலிக் போடலாமா என்பது கேள்வி. சிலருக்கு அது சரியான செலவு. சிலருக்கு ஒரு கேபிளும் ஒரு ஜோடி பேடும் மாற்றினாலே பிரச்னை தீர்ந்துவிடும். இன்னும் சிலருக்கு பிரேக் மாற்றப் போய் கியர் ஷிஃப்டரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதை ஆர்டர் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

மெக்கானிக்கல் டிஸ்க்கில் லீவரை அழுத்தினால் இரும்புக் கேபிள் இழுபடும். அது காலிப்பரில் உள்ள ஒரு கையைத் திருப்பி, பேடை ரோட்டரின் மீது அழுத்தும். பெரும்பாலான மாடல்களில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை லேசாக வளைத்து, அசையாமல் இருக்கும் எதிர்ப்பக்க பேடின் மேல் கொண்டுபோய் அழுத்துகிறது. இரண்டு பேடும் நகரும் மெக்கானிக்கல் காலிப்பர்களும் உண்டு. டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பைர் அப்படிப்பட்டது.

ஹைட்ராலிக்கில் கேபிளுக்குப் பதில் ஒரு குழாயில் அடைத்த திரவம். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான்: மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். லீவரில் 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன், காலிப்பரில் 22 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவு கிட்டத்தட்ட 4.8 மடங்கு. பேடுக்குப் போகும் விசையும் அதே அளவுக்குப் பெருகும். மெக்கானிக்கலிலும் நெம்புகோல் மூலம் விசையைப் பெருக்க முடியும். ஆனால் கேபிள் வளைந்து வளைந்து போகும் இடத்தில் உராய்வு, அதைச் சுற்றியுள்ள அவுட்டர் நசுங்குவது என்று வழியிலேயே ஒரு பகுதி வீணாகிவிடும். திரவத்தில் அந்த இழப்பு மிகக் குறைவு.

பலர் கவனிக்காத இன்னொரு வித்தியாசம், அன்றாடத்துக்கு இதுதான் முக்கியம்னு நான் சொல்வேன்: பேட் தேயும்போது என்ன ஆகிறது? மெக்கானிக்கலில் பேட் தேயத் தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நீங்கள்தான் அவ்வப்போது டைட் வைக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது சற்று வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளும். பேட் தேய்ந்த அளவுக்கு பிஸ்டன் தானாகவே முன்னேறி நிற்கும். அந்த இடைவெளியை லீவரில் இருக்கும் சின்ன டேங்கின் ஆயில் நிரப்பும். அதனால் பேட் தேய்ந்தாலும் லீவர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வசதிதான், ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போ சைக்கிள் சீக்கிரம் நிக்குமா?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். ஆட்டோ நிற்பதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் லீவரை அழுத்த ஒரு நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 7 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு நொடிக்கு நொடி விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் இன்னும் 5 மீட்டருக்குள் நின்றுவிடலாம். ஈரத்தில் அது 3 மீட்டர் வீதமாகக் குறைந்தால் 8 மீட்டர் தேவைப்படும்.

நல்ல நிலையில் இருக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்காலேயே டயரை லாக் செய்ய முடியும். ஈரமான தார் ரோட்டில் டயர் வழுக்க ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் எந்த பிரேக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பிடிப்பின் எல்லையை முடிவு செய்வது டயரும் ரோடும். முன் பிரேக்கிலோ இன்னொரு எல்லை இருக்கிறது: அதிகமாகப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கி நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பீர்கள். ஆகவே ஹைட்ராலிக் போட்டால் நிற்கும் தூரம் பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அது கொடுப்பது கட்டுப்பாடு. ஒரு விரலால், வழுக்கும் புள்ளிக்குச் சற்று முன்பாக, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிடிக்க முடியும். சின்னக் கை உள்ளவர்களுக்கும், விரல் பலம் குறைவானவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம். நீண்ட இறக்கத்திலும் அப்படித்தான். பெங்களூரு சைக்கிள்காரர்களுக்கு நந்தி மலை, புனேகாரர்களுக்கு சிங்ககட். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, இறங்கும் உயரம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 333 கிலோ ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். ஒரு பகுதியை காற்று வாங்கிக்கொள்ளும், மீதி பேடிலும் ரோட்டரிலும் சூடாக மாறும். அந்த நேரமெல்லாம் லீவரைப் பிடித்துக்கொண்டே வரும் கைக்குத்தான் மெக்கானிக்கலுக்கும் ஹைட்ராலிக்குக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

முதலில் இருக்கிற பிரேக்கைப் பாருங்க

ஆரம்பத்தில் சொன்ன ஆட்டோ சம்பவத்துக்கு வருவோம். லீவர் ஹேண்டில்பாரை முட்டுகிறது என்றால் பெரும்பாலும் பேட் தேய்ந்திருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். அது பராமரிப்பு இல்லாததன் அறிகுறி. அதை வைத்து மெக்கானிக்கல் டிஸ்க்கே மோசம் என்று முடிவு கட்ட முடியாது.

இன்னர் கேபிளை மாற்றுங்கள். அவுட்டரில் மழைத் தண்ணீர் இறங்கி துரு பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். முடிந்தால் கம்ப்ரஷன்லெஸ் பிரேக் ஹவுசிங் என்று கேட்டு வாங்குங்கள். அழுத்தும்போது நசுங்காத வகை அது. ஜாக்வையர் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பழைய அவுட்டரோடு ஒப்பிட்டால் லீவரில் கல் மாதிரி ஒரு உறுதி தெரியும். ஒரு எச்சரிக்கை: கடையில் ஸ்டாக் இல்லை என்று கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட விடாதீர்கள். பிரேக் இழுவையைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை, பிளந்துவிடலாம்.

பிறகு பேட். அசையாத பக்கத்து பேடை ரோட்டருக்கு மிக அருகில், உரசாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பல கடைகளில் கேபிளை மட்டும் டைட் வைத்து அனுப்பிவிடுவார்கள், இந்த ஸ்க்ரூவைத் தொடுவதே இல்லை. இதையெல்லாம் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஓட்டம் தினமும் பத்து பதினைந்து கிலோமீட்டர் சமதள ஊர்ச்சாலை என்றால், இங்கேயே நீங்கள் திருப்தி அடைந்துவிடலாம்.

சரி, மாத்தியே ஆகணும்னா?

ரோட்டர், ஃபிரேம், லீவர், ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது லீவரில்.

உங்கள் ஹேண்டில்பாரைப் பாருங்கள். பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் தனித்தனி கிளாம்பில் இருக்கின்றனவா, அல்லது ஒரே உடம்பாக இருக்கின்றனவா? ஷிமானோவின் இஎஃப்500, இஎஃப்51 போன்ற ஷிஃப்டர்களில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். தொடக்க விலை ஹைப்ரிட்களில் இவை சகஜம். ஹைட்ராலிக் லீவர் போட வேண்டுமானால் இதை மொத்தமாகக் கழற்ற வேண்டும். அப்போது கியர் போட எதுவும் மிச்சமிருக்காது. தனி ஷிஃப்டர் வாங்கி, கியர் கேபிளும் மாற்ற வேண்டும். என் முதல் ஹைப்ரிடுக்கு பிரேக் செட் ஆர்டர் போட்டு, கடையில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் இதைச் சொன்னார்கள். பிரேக்குக்குப் போட்ட பட்ஜெட்டில் ஒரு துண்டு விழுந்தது.

கீழ்நோக்கி வளைந்த டிராப் பார் உள்ள ரோட் சைக்கிள், கிராவல் சைக்கிள் என்றால் சிக்கல் இன்னும் பெரியது. அவற்றில் லீவரும் ஷிஃப்டரும் பெரும்பாலும் ஒன்றுதான், ஹைட்ராலிக் ஷிஃப்டர் ஜோடியின் விலை கேட்டால் தலை சுற்றும். கியரின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். அவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: லீவரும் கேபிளும் பழையபடி இருக்கும், காலிப்பருக்குள் மட்டும் ஹைட்ராலிக். டிஆர்பி ஹைரோட், ஜுயின்டெக் ஆர்1 ஆகியவை இந்த வகை. பேட் இரண்டு பக்கமும் நகரும், பிடிப்பும் கூடும். ஆனால் கேபிளின் உராய்வு அப்படியே இருக்கும் என்பதால் முன்சொன்ன நல்ல அவுட்டர் இங்கேயும் தேவை.

அடுத்தது எந்தக் கை எந்த பிரேக் என்பது. பைக் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், வலது கை லீவர் முன்சக்கரத்துக்கு. இந்தியாவில் சைக்கிள்களும் பெரும்பாலும் அப்படித்தான் பொருத்தப்படுகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நேர்மாறு: இடது கை முன்சக்கரம். ஆயில் நிரப்பி ரெடியாக வரும் பிரேக் செட்கள் ஏதாவது ஒரு அமைப்பில்தான் வரும். முன் ஹோஸ் பெரும்பாலும் 1,000 மி.மீ., பின் ஹோஸ் 1,700 மி.மீ. சுற்றளவில் இருக்கும் என்பதால் வாங்கிய பிறகு சும்மா இடம் மாற்றிக்கொள்ள முடியாது. ஹோஸைக் கழற்றி, மாற்றி, மறுபடி ஆயில் விட வேண்டும். ஆர்டர் பக்கத்தில் ‘முன் வலது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடப் பழக்கத்தில் கை தானாகவே வேலை செய்யும். அவசரத்தில் தவறான சக்கரம் லாக் ஆவது விளையாட்டில்லை.

ஃபிரேமில் காலிப்பர் மாட்டும் இடம் மூன்று வகை. ஐஎஸ் மவுண்ட், போஸ்ட் மவுண்ட், ஃபிளாட் மவுண்ட். ஐஎஸ் ஃபிரேமில் போஸ்ட் மவுண்ட் காலிப்பரை அடாப்டர் வைத்துப் போடலாம். அடாப்டர் ரோட்டர் அளவுக்கு ஏற்ப மாறும், 160 மி.மீ.க்கு ஒன்று, 180 மி.மீ.க்கு வேறு. ஃபோர்க் எவ்வளவு பெரிய ரோட்டரைத் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதைத் தாண்ட வேண்டாம்.

பழைய ரோட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? அளவு சரியாக இருந்து, தேயாமலும் வளையாமலும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். விலை குறைந்த ரோட்டர்களில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்துபோகும். ஷிமானோவின் எம்டி200 போன்ற தொடக்க நிலை ஹைட்ராலிக் பிரேக்குகளில் வருவதே ரெசின் பேட்தான், எனவே அங்கே சிக்கல் இல்லை.

ஹோஸ் போகும் வழியையும் பார்த்துவிடுங்கள். பல ஃபிரேம்களில் நடுவில் அவுட்டர் இல்லாமல் வெறும் இன்னர் கேபிள் மட்டும் ஓடும், இரு முனையிலும் சின்னத் தடுப்பு இருக்கும். ஹைட்ராலிக் ஹோஸ் லீவரிலிருந்து காலிப்பர் வரை ஒரே துண்டு, அந்தத் தடுப்புக்குள் நுழையாது. கிளிப் அல்லது ஜிப் டை போட்டு ஃபிரேமோடு கட்ட வேண்டியதுதான். அழகு கொஞ்சம் குறையும், வேலைக்குக் குறை இல்லை.

கடையில் எஸ்டிமேட் கேட்கும்போது பிரேக் செட் விலையோடு நிறுத்தாதீர்கள். அடாப்டர், ரோட்டர், ஷிஃப்டர் தேவையா, ஹோஸ் வெட்டி ஆயில் விடும் கூலி, அடுத்த செட் பேட் அதே ஊரில் கிடைக்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டிப் பார்க்கும் தொகை சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இதை விற்றுவிட்டு ஹைட்ராலிக்கோடு வரும் சைக்கிளை வாங்குவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. கையில் காசு குறைவு என்றால் முன் பிரேக்கை மட்டும் முதலில் மாற்றலாம். நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அதுதான்.

“பைக் ஆயில்தான் இருக்கு, ஊத்திடலாமா?”

இந்தக் கேள்வி வந்தால் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிரேக் ஆயில் இரண்டு குடும்பம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவை மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவையும், ஹோப், ஹேஸ் போன்றவையும் டாட் ஆயில், அதாவது மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஊற்றும் வகை. 2022-ல் வந்த டிபி8 முதல் ஸ்ராமும் சில மாடல்களில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. எனவே கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாமல், லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். அன்றைக்கு பிரேக் பிடிக்கும், சில நாள் கழித்துக் கைவிடும். கழுவி ஊற்றினாலும் சரியாகாது, பெரும்பாலும் முழு பிரேக்கையும் மாற்ற வேண்டி வரும். மினரல் ஆயில் என்று பெயர் இருப்பதால் மருந்துக்கடை பேபி ஆயிலும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பிரேக் தயாரிப்பாளர் சொன்னதையே வாங்குங்கள்.

டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி என்பது தரவரையறை. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றியாக வேண்டும். மும்பை, கொச்சி மாதிரி ஈரப்பதம் அதிகமுள்ள ஊர்களில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பெயின்ட் மேல் பட்டால் அரித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மினரல் ஆயில் ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டையும் ஒன்றும் செய்யாது.

யாருக்கு மெக்கானிக்கலே மேல்?

மணாலியிலிருந்து லே போகிறவர்களுக்கு. நடுவழியில் கேபிள் அறுந்தால் பையில் இருக்கும் இன்னரைப் போட்டு, ஒரு ஆலன் சாவியால் சரி செய்துகொள்ளலாம். ஹோஸ் கிழிந்தால் அங்கே ஆயில் விட ஆள் கிடையாது. உங்கள் ஊரில் ஹைட்ராலிக்கில் காற்று எடுக்கத் தெரிந்த கடை ஒன்றுகூட இல்லை என்றாலும் இதே பதில்தான். லீவரை அழுத்தும்போது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். அந்தக் காற்றை எடுக்காமல் ஓட்டக் கூடாது.

மாத்தின பிறகு

புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. வண்டிகள் இல்லாத இடத்தில் மிதமான வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரை மெதுவாக பிரேக் பிடியுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். இருபது தடவை. பிறகு சற்று அதிக வேகத்தில் இன்னும் பத்து தடவை. முன், பின் இரண்டுக்கும். பேடின் ஒரு மெல்லிய படலம் ரோட்டரில் படிந்த பிறகுதான் உண்மையான பிடி வரும். முதல் வாரம் முன் பிரேக்கில் ஒரு விரல் மட்டும் வையுங்கள். பழைய பிரேக்கை நசுக்கிய அதே பலத்தோடு இதை அழுத்தினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

தானாக அட்ஜஸ்ட் ஆவதில் ஒரு ஆபத்து என்றேனே, அது இதுதான்: லீவர் மாறாமல் இருப்பதால் பேட் தீர்ந்துபோனது கைக்குத் தெரியாது. ஒருநாள் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம்தான் முதல் தகவலாக வரும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து காலிப்பருக்குள் பாருங்கள். ஷிமானோ சொல்லும் குறைந்தபட்ச பேட் அளவு 0.5 மி.மீ. மழைக்காலத்தில் மண்ணும் மணலும் சேர்ந்து அரைப்பதால் ரெசின் பேட் கண்ணெதிரே கரையும், அப்போது வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வாட்டர் வாஷ் கொடுக்கிறீர்கள் என்றால் கடைசியில் அடிக்கும் பாலிஷ் ஸ்ப்ரே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயினுக்கு ஆயில் விடும்போதும் ரோட்டரை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு துளி போதும், பேட் கத்தும், பிடிக்காது. ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பஞ்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது நம் ஊர் வழக்கம். லீவர் டேங்கில் கொஞ்சம் காற்று இருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் போய்விடலாம். சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொடுங்கள். கவிழ்த்துவிட்டார்கள் என்றால் நிமிர்த்திவிட்டு, லீவரைப் பலமுறை அழுத்திப் பார்த்து, பழைய உறுதி வந்த பிறகே ஏறுங்கள்.

சக்கரம் இல்லாத நேரத்தில் லீவரைத் தொட வேண்டாம். நடுவில் ரோட்டர் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரோட்டர் உள்ளே நுழையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சைக்கிளை ரயில் பார்சலிலோ விமானத்திலோ போடுகிறீர்கள் என்றால், புது பிரேக்கோடு வந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை பேடுகளுக்கு நடுவே செருகிவிடுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் பழைய விசிட்டிங் கார்டை நாலாக மடித்து வைத்தாலும் சமாளிக்கலாம்.